மூளையிலிருந்து இரும்பை எடுத்தபோது

கொரோனாவின் முதல் இரண்டு அலைகளில் நம் வீட்டு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவந்த ரத்தப் பரிசோதனை அறிக்கைகள் நினைவிருக்கும். டி-டைமர், சிஆர்பி ஆகியவற்றுக்கு நடுவே ஃபெரிட்டின் என்று ஒரு வரி. அதற்கு நேரே எண் ஐந்நூறு, எண்ணூறு என்று ஏறியிருந்தால் குடும்பமே கலங்கிப்போகும். ஃபெரிட்டின் இரும்பைச் சேமிக்கும் புரதம் என்று இணையத்தில் படித்துவிட்டு, உடம்பில் இரும்பு கூடிவிட்டதோ, கீரையை நிறுத்திவிடலாமா என்று மருத்துவரைக் கேட்டவர்களும் உண்டு. அந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இரும்பு கூடவில்லை. தொற்றும் அழற்சியும் வந்தால் உடல் ஃபெரிட்டினை அதிகமாக உற்பத்தி செய்யும். கிருமிக்குக் கிடைக்காதபடி இரும்பைப் பூட்டிவைக்க உடலுக்குத் தெரிந்த பழைய வழி அது.

ஃபெரிட்டின் உயர்ந்திருந்தால் இரும்பு மிகுந்துவிட்டதா, அல்லது உடல் தன்னைக் காத்துக்கொள்ள முயல்கிறதா? அல்சைமர் நோயை ஆராய்பவர்களும் மூளையை வைத்து இதே கேள்வியைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். பலர் முதல் விடையை நம்பினார்கள். இரும்பு மிகுதிதான் சிக்கல் என்றால் அதை வெளியேற்றினால் போதும் என்ற யோசனை இயல்பாகப் பிறந்தது. ஆஸ்திரேலியாவில் அதைச் செய்தும் பார்த்தார்கள். 2024இல் வெளியான அதன் முடிவு, பலரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது.

முதலில் அந்தப் புரதத்தைக் கொஞ்சம் அருகில் சென்று பார்க்கலாம். செக் விஞ்ஞானி விலேம் லாஃப்பெர்கர் 1937இல் குதிரையின் மண்ணீரலிலிருந்து ஃபெரிட்டினைப் பிரித்தெடுத்தார். எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இரும்பு கொண்ட ஒரு புரதம் இருக்கக்கூடும் என்பதே அன்று வியப்பான செய்தி. இருபத்துநான்கு புரதச் சங்கிலிகள் கூடி, உள்ளே வெற்றிடம் கொண்ட ஒரு கோளமாக அமைகின்றன. வெளிவிட்டம் 12 நானோமீட்டர், உள்விட்டம் 8 நானோமீட்டர். அந்த வெற்றிடத்துக்குள் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். சங்கிலிகளில் இரண்டு வகை உண்டு. கனமானது ஹெச், இலேசானது எல். கோளத்தின் சுவரில் உள்ள நுண்ணிய துளைகள் வழியே இரும்பு ஈரிணைதிற அயனியாக நுழைகிறது. ஹெச் சங்கிலியில் உள்ள ஒரு வினைமையம் அதிலிருந்து ஓர் எலக்ட்ரானை உருவி, மூவிணைதிற அயனியாக மாற்றுகிறது. பிறகு எல் சங்கிலியின் உள்சுவரில் அது கனிமமாகப் படிகிறது. நாம் பார்க்கும் இரும்புத்துருவுக்கு நெருங்கிய உறவுள்ள கனிமம்தான் அது. செல்லுக்குள் துரு பிடிப்பதைத் தவிர்க்க முடியாது. ஆகவே அந்தத் துருவை ஓர் உறைக்குள் வைத்துப் பிடிக்கவைக்கிறது இயற்கை.

இவ்வளவு ஏற்பாடு எதற்கு? ஈரிணைதிற இரும்பு செல்லுக்குள் தனியாக நடமாடினால் ஆபத்து. கேம்பிரிட்ஜ் வேதியியலாளர் ஹென்றி ஃபென்டன் 1894இல் காட்டிய வினை ஒன்று உண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடும் சிறிதளவு இரும்பும் சேர்ந்தால், தனித்தனியாக அவை செய்ய முடியாத கடும் ஆக்சிஜனேற்றத்தைச் செய்கின்றன. செல்லின் ஆற்றல் உற்பத்தியில் பெராக்சைடு எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும். அங்கே இரும்பும் கட்டவிழ்ந்து கிடந்தால் கொழுப்புச் சவ்வுகள், புரதங்கள், டிஎன்ஏ எதுவும் தப்பாது. மூளையின் எடையில் நீரைக் கழித்துவிட்டால் பாதிக்கும் மேற்பட்டது கொழுப்பு. அதிலும் எளிதில் ஆக்சிஜனேறும் பன்மடி நிறைவுறாக் கொழுப்பு நிறையவே உண்டு.

ஆனால் இரும்பு இல்லாமலும் மூளை ஓடாது. டோபமைனைத் தயாரிக்கும் நொதிக்கு இரும்பு வேண்டும். நரம்பிழைகளைச் சுற்றிய மயலின் உறையைச் செய்யும் ஒலிகோடென்ட்ரோசைட்டு செல்கள்தான் மூளையிலேயே அதிக இரும்பு வைத்திருப்பவை. மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் சங்கிலி முழுக்க இரும்பை நம்பியது. ஸ்வீடனைச் சேர்ந்த ஹால்கிரனும் சூராண்டரும் எண்பதுக்கு மேற்பட்ட மனித மூளைகளை ஆராய்ந்து 1958இல் வெளியிட்ட கட்டுரைதான் இன்றும் இத்துறையில் முதலில் மேற்கோள் காட்டப்படுகிறது. பிறக்கும்போது மூளையில் இரும்பு மிகக் குறைவு. பிறகு முதல் முப்பது ஆண்டுகளில் வேகமாக ஏறுகிறது. மூளையின் ஆழத்தில் உள்ள குளோபஸ் பாலிடஸ் பகுதியில் நூறு கிராமுக்கு 21 மில்லிகிராம் வரை சேர்கிறது. இரும்புக் கிடங்கான கல்லீரலுக்கு இது குறைந்ததல்ல. புறணியில் மெதுவாக ஏறி, ஐம்பது அறுபது வயதுவரை தொடர்கிறது. ஏறும் இரும்பில் பெரும்பகுதி ஃபெரிட்டினுக்குள்தான் போகிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கும் வழியும் உண்டு. ஜெர்மானிய நோயியலாளர் மாக்ஸ் பெர்ல்ஸ் 1867இல் கண்டறிந்த சாயமுறையில், மூளையின் மெல்லிய சீவலைப் பொட்டாசியம் ஃபெரோசயனைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைப்பார்கள். அமிலம் இரும்பைப் புரதத்திலிருந்து விடுவிக்கும். விடுபட்ட இரும்பு ஃபெரோசயனைடுடன் சேர்ந்து அடர்நீலமாகும். முதியவரின் மூளையில் இதைச் செய்தால் சாம்பல் வெள்ளைச் சீவலின் நடுவில் குளோபஸ் பாலிடஸ் நீலமாக எழுந்து நிற்கும். பச்சிளம் குழந்தையின் மூளை அப்படியே வெளுத்துக் கிடக்கும். பெர்ல்ஸின் நீலம் ஃபெரிட்டினுக்குள் பூட்டப்பட்ட மூவிணைதிற இரும்பைத்தான் காட்டுகிறது. தனியே நடமாடும் ஆபத்தான இரும்பை அது காட்டுவதில்லை. பின்னால் வந்த எம்ஆர்ஐ முறைகளுக்கும் கிட்டத்தட்ட இதே வரம்பு உண்டு. மூளை இரும்பைப் பற்றிய இவ்வளவு தரவிலும் இந்த வரம்பு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. நாம் அளந்தது பெரும்பாலும் பூட்டியதை.

உடலின் இரும்பும் மூளையின் இரும்பும் ஒரே கணக்கில் ஓடுவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பெரியவர் ஒருவர் உடலில் மொத்தம் மூன்று நான்கு கிராம் இரும்பு இருக்கும். உணவிலிருந்து நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் உறிஞ்சப்படும். அதை வெளியேற்ற உடலுக்குத் தனி வழி கிடையாது. மாதவிடாய் போன்ற ரத்த இழப்பில்தான் அது கணிசமாக வெளியேறும். ரத்தத்திலிருந்து மூளைக்குப் போக வேண்டிய இரும்பு, ரத்த நாளச் சுவரின் செல்களில் உள்ள டிரான்ஸ்ஃபெரின் ஏற்பிகள் வழியே அளந்து அனுப்பப்படுகிறது. தலசீமியா நோயாளிகளுக்கு மாதந்தோறும் ரத்தம் ஏற்றுவதால் இதயமும் கல்லீரலும் இரும்பில் மூழ்குகின்றன, மூளையை அந்த வெள்ளம் பெரும்பாலும் எட்டுவதில்லை. எனவே கீரையோ இரும்பு மாத்திரையோ அல்சைமருக்குக் காரணம் என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டியதில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேர் ரத்தசோகை உள்ளவர்கள். அமெரிக்காவில் ஏறத்தாழ 2,500 முதியோரை 11 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2013இல் வெளியான ஆய்வில், ரத்தசோகை இருந்தவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதலாக இருந்தது. நம் ஊரில் இரும்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய திசை இன்னும் அதுதான்.

ஆனாலும் வயதோடு ஏறும் மூளை இரும்புக்கு வாழ்க்கை முழுதும் நடந்த ஏதோ ஒன்று காரணமாக இருக்கலாம் என்பதற்கு ஒரு சுவையான தடயம் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் ஜார்ஜ் பார்ட்ஸோகிஸ், இரு வேறு வலிமையுள்ள எம்ஆர்ஐ கருவிகளில் ஒரே மூளையைப் படம்பிடித்து, அவற்றின் வித்தியாசத்திலிருந்து ஃபெரிட்டின் இரும்பைக் கணிக்கும் முறையை வளர்த்தார். ஆண்களைவிடப் பெண்களின் மூளையில் அது குறைவு என்று அவர் குழு கண்டது. 2012இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முன்பே கர்ப்பப்பையை நீக்கிக்கொண்ட பெண்களின் மூளையில் ஃபெரிட்டின் இரும்பு கூடுதலாக இருந்ததாகச் சொன்னார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் பலகாலம் அசைபோட வைக்கும் முடிவு.

அல்சைமர் மூளையில் இரும்பு கவனத்துக்கு வந்தது 1953இல். லூயிஸ் குட்மன் என்ற அமெரிக்க நோயியலாளர் 23 நோயாளிகளின் மூளைகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில் இரும்புப் படிவுகளைக் குறிப்பிட்டார். அன்று அதைப் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. 1990இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவு ஆய்வகத்தில் குருண்ட்கே-இக்பால் குழுவினர், அல்சைமரின் அடையாளமான அமிலாய்டு படலங்களுக்குள்ளேயே ஃபெரிட்டின் இருப்பதைக் காட்டினார்கள். படலத்தைச் சுற்றிக் குழுமும் மைக்ரோகிளியா என்ற மூளையின் நோய்த்தடுப்பு செல்கள்தான் அதை நிரப்பிவைத்திருந்தன. நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் டௌ புரதம் நோயின் இன்னொரு அடையாளமான நார்முடிச்சுகளில் இருப்பதை இதே குழு காட்டியிருந்தது. டௌ உலகப் புகழ் பெற்றது. ஃபெரிட்டின் சில நிபுணர்களின் ஆர்வத்தோடு நின்றுவிட்டது.

அடுத்த திருப்பம் மரபணுவின் மட்டத்தில் வந்தது. செல்லில் இரும்பு எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப ஃபெரிட்டின் உற்பத்தி கூடும் குறையும். 1987இல் கண்டறிந்த அதன் வழிமுறை, உயிரியலில் நான் மிக அழகானது என்று நினைக்கும் சில ஏற்பாடுகளில் ஒன்று. ஃபெரிட்டின் செய்வதற்கான செய்தி ஆர்என்ஏவின் தொடக்கத்தில் சுமார் முப்பது எழுத்துகள் நீளத்துக்கு ஒரு கொண்டை போல மடிந்த பகுதி இருக்கிறது. இரும்பு குறைவாக இருக்கும்போது ஒரு கட்டுப்பாட்டுப் புரதம் அந்த மடிப்பில் வந்து உட்கார்ந்துகொண்டு ரைபோசோமை நெருங்கவிடாது. இரும்பு பெருகினால் அந்தக் கட்டுப்பாட்டுப் புரதம் வடிவம் மாறி விலகிவிடும். உடனே ஃபெரிட்டின் உற்பத்தி தொடங்கும். புதிய ஆர்என்ஏ எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. தயாராக வைத்திருக்கும் செய்தியைத் திறந்துவிட்டால் போதும்.

ஹார்வர்டில் ஜாக் ரோஜர்ஸ் குழு 2002இல் வெளியிட்ட கட்டுரை, இதையொத்த ஒரு மடிப்பு அமிலாய்டு முன்னோடிப் புரதத்தின் ஆர்என்ஏவிலும் இருப்பதாகச் சொன்னது. அல்சைமர் மூளையில் படியும் அமிலாய்டு இந்தப் புரதத்திலிருந்துதான் வெட்டப்படுகிறது. அதன் உற்பத்தியும் இரும்போடு ஏறுமானால், நோயின் தலையாய புரதத்துக்கும் இரும்புக்கும் இடையே நேரடித் தொடர்பு இருக்கிறது என்று பொருள். 2010இல் மெல்பர்னைச் சேர்ந்த ஜேம்ஸ் டூஸ், ஆஷ்லி புஷ் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த முன்னோடிப் புரதமே இரும்பை ஆக்சிஜனேற்றும் நொதி என்று செல் இதழில் அறிவித்தார்கள். இந்த நொதித்திறனை வேறு ஆய்வகங்களால் மீண்டும் காட்ட முடியவில்லை. பின்னர் வந்த விளக்கம் மென்மையானது. செல்லிலிருந்து இரும்பு வெளியேறும் ஒரே வாசலான ஃபெரோபோர்ட்டினை அந்தப் புரதம் சவ்வில் நிலைநிறுத்த உதவுகிறது என்பதே இன்று பரவலாக ஏற்கப்படுவது. வாசல் சுருங்கினால் இரும்பு உள்ளே தங்கும். தங்கிய இரும்புக்கு ஏற்ப ஃபெரிட்டின் கூடும்.

மெல்பர்ன் குழுவின் பெயர் இனி அடிக்கடி வரும், ஏனெனில் 2015இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஸ்காட் ஏய்ட்டனும் புஷ்ஷும் வெளியிட்ட கட்டுரைதான் ஃபெரிட்டினை அல்சைமர் பேச்சின் நடுவுக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் அல்சைமர் படிம ஆய்வுத் திட்டத்தில் சுமார் 300 பேரின் முதுகுத்தண்டிலிருந்து எடுத்த திரவத்தில் ஃபெரிட்டினை அளந்தார்கள். ஏழு ஆண்டுகள்வரை அவர்களின் நினைவாற்றலைப் பின்தொடர்ந்தார்கள். தொடக்கத்தில் அந்தத் திரவத்தில் ஃபெரிட்டின் அதிகமாக இருந்தவர்களின் நினைவாற்றல் பின்னர் மோசமாக இருந்தது. லேசான மறதி அல்சைமராக முற்றுவதையும் அது முன்கூட்டியே காட்டியது. அமிலாய்டு, டௌ அளவுகளைக் கணக்கிலெடுத்த பிறகும் இந்தத் தொடர்பு நின்றது. கூடவே இன்னொரு கண்டுபிடிப்பு. அல்சைமருக்கான மிகப் பெரிய மரபணு அபாயம் அப்போ-ஈ4 என்ற வகை. அதைச் சுமப்பவர்களின் திரவத்தில் ஃபெரிட்டின் சராசரியாகக் கூடுதலாக இருந்தது.

இந்த இரண்டாவது முடிவு ஏன் எனக்கு முதலாவதைவிட முக்கியமாகப் படுகிறது என்றால், அதற்கு 2022இல் ஒரு வழிமுறை கிடைத்தது. ஃபெரிட்டின் கோளத்தைச் செல் வேண்டும்போது செரித்து, உள்ளே இருக்கும் இரும்பை வெளியே எடுக்க முடியும். அப்போ-ஈ புரதம் அந்தச் செரிப்பைத் தடுக்கிறது என்று மெல்பர்ன் குழுவே காட்டியது. அப்படியானால் ஃபெரிட்டினின் அளவைவிட, பூட்டிய இரும்பு தேவையில்லாதபோது வெளியேறாமல் காக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. ஃபெரிட்டின் எண்ணை மட்டும் பார்ப்பது நிறைந்த நெற்களஞ்சியத்தைப் பார்த்து வீட்டு நிலையை ஊகிப்பது போல. விளைச்சல் அமோகம் என்றும் சொல்லலாம், வரப்போகும் பஞ்சத்துக்குப் பயந்து அடைத்தது என்றும் சொல்லலாம்.

இதற்கிடையில் ஒரு எச்சரிக்கை 2011இலேயே வந்திருந்தது. மேத்யூ ஷ்ராக் என்ற நரம்பியலாளர் அல்சைமர் மூளையில் இரும்பு, துத்தநாகம், தாமிரம் ஆகியவற்றை அளந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகத் திரட்டிக் கணக்கிட்டார். புறணியில் இரும்பு கூடியிருக்கிறது என்பதற்கு நம்பகமான ஆதாரமே இல்லை. ஆழத்தில் உள்ள புட்டாமென் போன்ற சில பகுதிகளில் மட்டும் உயர்வு தெரிந்தது. ஆனால் இரும்பு கூடியிருப்பதாகச் சொன்ன கட்டுரைகளைத்தான் பிறர் மீண்டும் மீண்டும் மேற்கோள் காட்டியிருந்தார்கள். மாறாகச் சொன்னவை தூசு படிந்து கிடந்தன. அறிவியல் துறையில் ஒரு கருத்து பரவுவதற்கு ஆதாரம் எவ்வளவு காரணம், நம் விருப்பம் எவ்வளவு காரணம் என்பதைக் கூச்சமில்லாமல் அளந்த ஆய்வு அது. இதே ஷ்ராக்தான் பின்னாளில், அமிலாய்டு பற்றிய 2006ஆம் ஆண்டின் புகழ்பெற்ற நேச்சர் கட்டுரையின் படங்களில் திருத்தம் செய்யப்பட்டதற்கான அறிகுறிகளைக் கண்டுபிடித்தார். 2022இல் அது செய்தியாகி, 2024இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

அமெரிக்காவில் முதியோரை உயிருடன் இருக்கும்போதே ஆண்டுதோறும் சோதித்து, இறந்தபின் மூளையையும் ஆராயும் சிகாகோ ரஷ் திட்டத்தின் மாதிரிகளை ஏய்ட்டன் குழு பின்னர் அளந்தது. அந்த ஆய்வு முந்தைய முரண்பாடுகளைக் கொஞ்சம் தணித்தது. பொட்டுப்பகுதிப் புறணியில் இரும்பு அதிகமாக இருந்தவர்களுக்கு மறதி வேகமாக வளர்ந்தது, ஆனால் மூளையில் அமிலாய்டும் டௌவும் ஏற்கெனவே நிறைந்திருந்தவர்களில் மட்டும். நோயின் அறிகுறியே இல்லாத மூளைகளில் அதிக இரும்பு எந்தப் பாதிப்பையும் காட்டவில்லை. ஆகவே இரும்பு நோயைத் தொடங்கிவைப்பதில்லை, தொடங்கிவிட்ட நோயை விரைவுபடுத்துகிறது என்று படிப்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

இதை இன்னொரு கோணத்திலிருந்தும் சோதிக்கலாம். ஃபெரிட்டினே கெட்டுப்போனால் என்ன ஆகும்? 2001இல் வடமேற்கு இங்கிலாந்தின் கம்பிரியா பகுதியில் ஒரு குடும்பத்தில் இதைக் கண்டறிந்தார்கள். எல் சங்கிலியின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து கூடுதலாகச் சேர்ந்ததால் கோளம் ஒழுங்காக மூடாமல், இரும்பைக் கசியவிட்டது. நடுவயதில் கைகால்கள் தன்னிச்சையாக இழுத்துக்கொள்ளும் அசைவுக் கோளாறு வந்தது, மூளையின் ஆழத்தில் இரும்பு குவிந்தது. நியூரோஃபெரிட்டினோபதி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆனால் அது அல்சைமர் அல்ல. மூளையின் இரும்புக் காவல் தவறினால் நரம்புச் செல்கள் சாகும் என்பதற்கு அது சாட்சி. அதே காவல் தவறுவதால் மட்டும் அமிலாய்டு நோய் உருவாகாது என்பதற்கும் அதுவே சாட்சி.

செல்கள் எப்படிச் சாகின்றன என்பதற்கு 2012இல் ஒரு பெயர் கிடைத்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்காட் டிக்சன், ப்ரென்ட் ஸ்டாக்வெல் ஆகியோர் ஃபெரோப்டோசிஸ் என்றழைத்த அந்த மரணத்தில், இரும்பின் உந்துதலால் சவ்வுக் கொழுப்பு சங்கிலித்தொடராக ஆக்சிஜனேறிச் செல் கிழிகிறது. செலினியத்தால் இயங்கும் ஜிபிஎக்ஸ்4 என்ற நொதியும் வைட்டமின் ஈயும் அதைத் தடுப்பவை. அல்சைமர் மூளையின் செல் இழப்பில் இதற்குப் பங்கு உண்டு என்பதற்கு விலங்குகளிலும் திசுக்களிலும் ஆதாரம் திரண்டது. அதுவும் சேர்ந்து, இரும்பை எடுக்கும் சோதனைக்குக் களம் முழுதாகத் தயாரானது.

உண்மையில் அத்தகைய சோதனை ஒன்று ஏற்கெனவே நடந்திருந்தது, ஆனால் இரும்புக்காக அல்ல. 1980களில் பலரும் அல்சைமருக்கு அலுமினியத்தைக் குற்றம் சொன்னார்கள். டொரான்டோவில் டொனால்ட் கிராப்பர் மெக்லாக்லான், அலுமினியத்தைப் பிடித்து வெளியேற்ற டெஸ்ஃபெரியாக்சமைன் என்ற மருந்தைப் பரிசோதித்தார். தலசீமியா நோயாளிகளின் இரும்பை வெளியேற்றக் கொடுக்கும் மருந்து அது. 48 நோயாளிகள். ஊசி பெற்றவர்களுக்கு வாரம் ஐந்து நாள், நாளுக்கு இரண்டு வேளை, தசையில் 125 மில்லிகிராம், இரண்டு ஆண்டுகள். மறதி கொண்ட ஒரு முதியவரைத் தினம் இருமுறை ஊசிக்கு உட்காரவைக்கும் உறவினர்களின் பொறுமையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டிய சோதனை. 1991இல் லான்செட்டில் வந்த முடிவின்படி, மருந்து பெறாதவர்களில் அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் இரு மடங்கு வேகத்தில் குறைந்தது. அலுமினியக் கருத்து பிறகு மங்கியது. ஆனால் டெஸ்ஃபெரியாக்சமைன் இரும்பையும் பிடிக்குமே என்று இரும்பின் ஆதரவாளர்கள் அந்த முடிவைத் தம் பக்கம் எழுதிக்கொண்டார்கள். சிறிய சோதனை, நோயாளிகளுக்கும் கவனிப்பவர்களுக்கும் யார் எந்த மருந்தைப் பெறுகிறார் என்பது முழுமையாக மறைக்கப்படவும் இல்லை. ஆனாலும் முப்பது ஆண்டுகள் அது ஓடியது.

மெல்பர்ன் குழு தேர்ந்தெடுத்த மருந்து டெஃபெரிப்ரோன். வாயால் உட்கொள்ளலாம், மூளைக்குள் நுழையும். தலசீமியாவுக்கான இந்த மருந்து உலகச் சந்தைக்கு முதன்முதலாக வந்ததே இந்தியாவில்தான், 1990களின் நடுவில். பிறகு ஐரோப்பாவும் ஏற்றது. அமிலாய்டு உறுதிசெய்யப்பட்ட, ஆரம்ப நிலையிலுள்ள 81 பேர் ஆஸ்திரேலியச் சோதனையில் சேர்ந்தார்கள். மூன்றில் இரண்டு பேருக்கு மருந்து, மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. கிலோவுக்கு 15 மில்லிகிராம் அளவில் நாளுக்கு இருமுறை, ஓராண்டு. நினைவின் களமான ஹிப்போகேம்பஸில் இரும்பை எம்ஆர்ஐயால் அளந்துகொண்டே வந்தார்கள். வெறும் மாத்திரை பெற்றவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் இரும்பு கூடியது. டெஃபெரிப்ரோன் பெற்றவர்களுக்குக் கூடவில்லை. மருந்து தன் வேலையைச் சரியாகச் செய்தது.

ஆனால் மருந்து பெற்றவர்களின் அறிவாற்றல் மற்றவர்களைவிட வேகமாகச் சரிந்தது. திட்டமிடுதல், கவனத்தை மாற்றுதல் போன்ற செயலாண்மைத் திறன்களில் பாதிப்பு வெளிப்படையாகத் தெரிந்தது. ஹிப்போகேம்பஸ் சுருங்கும் வேகத்தில் மாற்றமில்லை; மூளையின் முன்பகுதிகளில் சுருக்கம் கூடியது. நான்கு பேருக்கு வெள்ளணுக்கள் குறைந்தன. 2024இல் ஜாமா நியூராலஜியில் ஏய்ட்டன் குழுவே இதை வெளியிட்டது. தாங்கள் பதினைந்து ஆண்டுகள் வாதாடிய கருத்துக்கு எதிரான முடிவை மறைக்காமல் அச்சிட்டது அவர்களுக்குப் பெருமை.

தனித்த விபத்து என்றும் இதைத் தள்ளிவிட முடியாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 2022இல், ஐரோப்பிய ஃபேர்பார்க்-2 சோதனை இதே டெஃபெரிப்ரோனை ஆரம்ப நிலைப் பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தது. 372 பேர், 36 வாரங்கள். மூளையின் சப்ஸ்டான்ஷியா நிக்ரா பகுதியில் இரும்பு குறைந்தது. நோயோ மோசமானது. அறிகுறி முற்றியதால் டோபமைன் சிகிச்சையை முன்கூட்டித் தொடங்க வேண்டிவந்தவர்கள் மருந்துக் குழுவில் 22 சதவீதம், மற்றதில் 2.7 சதவீதம். டோபமைன் நொதிக்கே இரும்பு தேவை என்பது முன்பே தெரிந்த விஷயம். நோயாளியின் மூளையில் மிஞ்சியிருந்த கொஞ்சநஞ்ச டோபமைன் உற்பத்தியையும் மருந்து பறித்திருக்கக்கூடும்.

அல்சைமர் சோதனையில் என்ன பறிபோயிற்று என்பதற்கு ஒற்றை விடை இல்லை. டெஃபெரிப்ரோன் எளிதில் எட்டும் இரும்பையே பிடிக்கிறது. செல்லின் அன்றாட வேலைக்கு உதவும் இரும்பும் அதுதான். பூட்டிய கோளங்களைத் தேடிப்போய்க் காலி செய்யும் சாமர்த்தியம் அதற்கு இல்லை. நோயுற்ற செல்லுக்கு இருப்பதில் எது உபரி, எது அத்தியாவசியம் என்று மருந்துக்குத் தெரியாது. ஃபெரிட்டினுக்கோ ஓரளவு தெரியும்: இரும்பு மிகுந்தால் பிடிக்கும், தேவைப்பட்டால் விடும். மூளைத் திரவத்தில் உயர்ந்த ஃபெரிட்டினை இரும்பு மிகுதியின் தடயமாகக் கொண்ட ஆய்வாளர்கள் உண்டு. நான் அதை எல்லையை எட்டிவிட்ட ஒரு தற்காப்பின் குறி என்று கொள்கிறேன். 81 பேரின் முடிவு இந்த வாசிப்புக்கே இடம் கொடுக்கிறது என்பது என் எண்ணம். கட்டாயம் இதுதான் என்று யாரும் இன்னும் சொல்லிவிட முடியாது.

அப்படியானால் இரும்பை எடுக்காமல் அது செய்யும் தீங்கைத் தடுக்கலாமா? அந்தப் பக்கமும் முடிவுகள் ஒன்றாக இல்லை. வைட்டமின் ஈயை நாளுக்கு 2,000 அலகு வீதம் கொடுத்தபோது அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் 613 பேரில் அன்றாடச் செயல்திறன் குறைவது சற்று மெதுவானது என்று 2014இல் ஜாமாவில் வந்தது. அதே வைட்டமின் ஈயும் செலினியமும் 7,500க்கு மேற்பட்ட ஆண்களில் டிமென்ஷியா வராமல் தடுக்கவில்லை என்று 2017இல் இன்னொரு பெரிய சோதனை சொன்னது. நோய் வந்தபின் ஒரு விடையும், வருமுன் வேறு விடையும். விரைவுபடுத்தும் காரணி என்று இரும்பைக் கொண்டால் இந்த இரண்டும் முரண்படாமல் நிற்கக்கூடும், ஆனால் இதைத் தனியே சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

மூளை இரும்பு மருத்துவமனையின் அன்றாட முடிவுகளுக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்டது, வேறு வாசல் வழியாக. அமிலாய்டை நீக்கும் லெக்கனமாப் மருந்துக்கு 2023 ஜூலையில் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. அமிலாய்டு ரத்த நாளச் சுவர்களிலும் படிந்திருக்கும். அதை நீக்கும்போது சிலருக்கு நுண்ணிய ரத்தக்கசிவுகள் வருகின்றன. கசிந்த சிவப்பணுக்களை மைக்ரோகிளியா செரித்து இரும்பை ஃபெரிட்டினில் அடைக்கின்றன, காலப்போக்கில் அந்த ஃபெரிட்டின் சிதைந்து ஹீமோசிடெரினாகிக் கிடக்கிறது. எம்ஆர்ஐயில் அவை கரும்புள்ளிகளாகத் தெரியும். லெக்கனமாபின் முதன்மைச் சோதனையில் இப்படி நான்கு புள்ளிகளுக்கு மேல் இருந்தவர்களைச் சேர்க்கவில்லை. இப்போது மருந்து தொடங்கும் முன்பும் எம்ஆர்ஐ எடுத்து அந்தப் புள்ளிகளை எண்ணுகிறார்கள், தொடங்கிய பிறகும் குறித்த இடைவெளிகளில் மீண்டும் எண்ணுகிறார்கள்.